எந்த வேலை என்று கேட்கவில்லை

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் நலம். மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. என் முழங்கால் படியேறும்போது மட்டும் முனகுகிறது. உன் இடுப்புப் பிடிப்பு எப்படி இருக்கிறது? உன் மனைவியும் குட்டியும் சுகமா? குட்டி வரைந்து அனுப்பிய படத்தில் எனக்கு மூன்று கை போட்டிருக்கிறாள். இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

போனில் பேசலாமே என்று மறுபடி ஆரம்பிக்காதே. நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை, நாலாவது நிமிடம் நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் சண்டை போட்டால் போய்ச் சேரப் பத்து நாள் ஆகிறது, அதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடும்.

ஆபீஸ் விஷயம் ஒன்று. பஸ் கம்பெனியின் தொலைந்த பொருள் பிரிவில் எனக்கு இது பத்தொன்பதாவது வருடம். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, போன வாரம் ஒரு பல்செட். இதற்கெல்லாம் நான்தான் பிரிவுத் தலைவி. எங்களுக்குப் புது மேலாளர் வந்திருக்கிறார், உன்னைவிடச் சின்னவர். திங்கட்கிழமை மீட்டிங்கில், பொதுமக்களுக்குச் சீக்கிரம் பதில் சொல்ல என்ன செய்யலாம் என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் வழக்கம்போல மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது என் எதிர்மேஜைக்காரி எழுந்தாள். ஏணியை உனக்கு ஞாபகம் இருக்கும். உன் கல்யாண போட்டோவில் எல்லோருக்கும் மேலே ஒரு தலை தெரியுமே, அவள்தான். நாற்காலி போடாமல் மேல் அலமாரியை எட்டுவதால் அந்தப் பெயரை வைத்தவளே நான்தான். அவள் எழுந்து, "சார், போன் வேலைக்கு ஏஐ கொண்டு வந்துடலாம் சார்" என்றாள். மேலாளர் முகம் பல்பு போட்ட மாதிரி ஆகிவிட்டது. "இதைத்தான் எதிர்பாத்தேன்!" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் வேகமாகவே.

பதிவேடு எழுதுகிற பெரியவர் என்னிடம் கேட்டார், அதனால்தான் எழுதுகிறேன். ஆபீஸில் ஏஐ என்றால் சரியாக என்ன செய்யும்? எனக்கு ஓரளவு தெரியும். அவருக்கு விளக்குகிற மாதிரி நீ எளிதாக எழுதினால் போதும்.

குளிரில் மப்ளர் இல்லாமல் வெளியே போகாதே.

உன் நலம் கேட்கும்,
அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் சௌக்கியம். மாமாவை வாயைக் கட்டச் சொல், உன்னால் முடியாவிட்டால் நான் எழுதுகிறேன். என் இடுப்பு அப்படியேதான். குனிந்தால் நிமிர ஒரு நிமிடம் பிடிக்கிறது. இங்கே வேலையிடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. குளிர்சாதனக் கிடங்கில் மோட்டாரைத் தூக்கி மாட்டுகிற ஆளுக்கு இடுப்பு வலி என்றால் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். நீயும் வாயைத் திறக்காதே.

பதிவேட்டுப் பெரியவருக்கு என் வணக்கம் சொல். அவருக்கு விளக்குகிறேன், நீ பக்கத்தில் சும்மா நின்று கேட்டுக்கொள்.

எங்கள் கிடங்கிலும் மூன்று மாதமாக இதே பேச்சு. எஞ்சினியர் "ஏஐ வைக்கலாம்" என்றார். வண்டி ஓட்டுபவர் "வச்சா நல்லதுதான்" என்றார். கணக்குப் பிள்ளை "எப்பவோ வச்சிருக்கணும்" என்றார். மூன்று பேரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். கடைசியில் பார்த்தால் எஞ்சினியர் சொன்னது பெட்டிகளை எண்ணுகிற கேமரா. வண்டிக்காரர் சொன்னது நெரிசல் இல்லாத தெருவைக் காட்டுகிற போன். கணக்குப் பிள்ளைக்கு வேண்டியது, லீவு லெட்டரைப் பிழையில்லாமல் எழுதித் தருகிற ஏதோ ஒன்று. மூன்று மாதம் மூன்று பேரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்!

ஆகவே யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் தலையாட்டாதே. எந்த வேலைக்கு? யார் பயன்படுத்தப் போகிறார்கள்? அது செய்ததை யார் சரிபார்ப்பது? தப்பானால் யார் பதில் சொல்வது? இவ்வளவுதான். இதைக் கேட்க ஏஐ தெரிந்திருக்க வேண்டாம், வாய் இருந்தால் போதும். உன்னிடம் அது தாராளமாக இருக்கிறது. அதிலும் சொன்னவள் ஏணி. நாலடி தூரத்தில்தானே உட்கார்ந்திருக்கிறாள்? "என்னடி சொன்னே?" என்று கேட்டுவிட்டுப் போயேன்.

குட்டி உனக்கு நாலாவது கை போடலாமா என்று கேட்கிறாள்.

அன்புடன்,
உன் தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே ஆகட்டும். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சூடு தாங்குகிற அளவுக்கு மட்டும். மாமாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறோம். இத்தனை நாள் நான் சமைத்ததை இப்போதுதான் பார்க்கிறாராம்.

நீ எழுதியதைப் பெரியவரிடம் சொன்னேன். ஏணியிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பத்தொன்பது வருடமாக அந்த ஆபீஸில் ஒரு சந்தேகம் என்றால் அவள்தான் என்னிடம் வருவாள். நான் அவளிடம் போய் நின்றதில்லை. அதுவும் இல்லாமல் ஆள் இப்போது முன்போல் இல்லை. தினம் இரண்டு தடவை மேலாளர் அறைக்குப் போகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள். வெளியே வந்தால் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. நான் அந்தப் பக்கம் போனால் கம்ப்யூட்டரைத் திருப்பிக்கொள்கிறாள். எங்கள் பிரிவில் போன் எடுப்பது அவள்தான். அந்த வேலை போனால் அவளுக்கு வேறு நாற்காலி வேண்டுமல்லவா? பெரியவருடையதை விட்டால் இங்கே இருக்கிற இன்னொரு நாற்காலி என்னுடையதுதான்.

மேலாளர் ஒரு தாள் அனுப்பினார். "உங்கள் பிரிவில் எந்தெந்த வேலையை ஏஐ-க்குக் கொடுக்கலாம்? காரணத்துடன் பட்டியல் தரவும்." பிரிவுத் தலைவி நான்தானே, எழுதிக் கொடுத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. இதற்குப் போய் இத்தனை பேச்சு.

குட்டிக்கு என் முத்தம். கை நாலே போதும் என்று சொல்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன். சூடு தாங்கியது, மனைவியின் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. உன் முழங்கால் எப்படி? மாமா புதுக் கண்ணாடியில் உன்னையும் இப்போதுதான் பார்க்கிறாரா என்று கேட்டுச் சொல்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பட்டியல் கொடுத்தாய், சரி. அதில் என்ன எழுதினாய்? ஏஐ-க்கு எதைக் கொடுக்கப் போகிறார்கள் என்றே கேட்காமல் எதை வைத்து அரை மணி நேரத்தில் எழுதினாய்? நான் சண்டைக்கு வரவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஏணியைப் பற்றி நீ எழுதியதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் கல்யாணத்தன்று உன் செருப்பு அறுந்தபோது தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு பரிமாறியவள் அவள்.

பதில் எழுது.

உன் தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நாங்கள் நலம். எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே வெயில், பிறகு தண்ணீர்க் குழாய் வெடித்து வீடெல்லாம் வெள்ளம், பிறகு மாமாவுக்குச் சளி. ஒன்று போனால் ஒன்று.

ஆபீஸில் ஒரு வேடிக்கை. கைத்தடியைத் தொலைத்துவிட்டேன் என்று ஒருவர் மூன்று மாடி ஏறி நடந்தே வந்தார். தடியைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அதை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கிப் போனார். பெரியவர் சிரித்துச் சிரித்துப் பதிவேட்டில் மை கொட்டிவிட்டார். ஏணி இருந்திருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்திருப்பாள். அவள் மூன்று வாரமாக லீவு. போனை நான்தான் எடுக்கிறேன்.

குட்டிக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டதா? உயரம் எவ்வளவு என்று சுவரில் குறித்து எழுதி அனுப்பு.

அக்கா


மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் நலம். குட்டி கதவுக் கைப்பிடிக்கு மேல் நாலு விரல்.

கைத்தடிக்காரர் கதை நன்றாக இருந்தது. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பட்டியலில் என்ன எழுதினாய்? ஏணி ஏன் லீவு?

உன் தம்பி


ஜூன் 1

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவுக்குச் சளி போய்விட்டது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை மாமாவுக்குக் காட்டாமல் எழுதுகிறேன். நீயும் படித்துவிட்டு உன் மனைவியிடம் கொடுக்காதே. பிறகு நீயே சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள்.

அந்தத் தாளில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் "வேலை", மற்றதில் "காரணம்". "எந்தெந்த வேலையை" என்றால் யார் யாருடைய வேலையை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஆள் குறைக்கப் போகிறார்கள், அதற்கு என்னைக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். என்னைக் கேட்டார்களே என்று உள்ளூர ஒரு பெருமை வேறு. வேலை என்ற கட்டத்தில் ஆட்களின் பெயரை எழுதினேன். இரண்டே வரி. இரண்டாவது வரி, பதிவேட்டுப் பெரியவர். காரணம்: கை மெதுவாக ஓடுகிறது. முதல் வரி, ஏணி.

அதன் காரணத்தை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. எழுதிவிடுகிறேன்.

ஏணிக்கு இரண்டு வருடமாக வலது காது சரியாகக் கேட்காது. இப்போது இடதும் குறைகிறது. இது அந்த ஆபீஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்வாள். புரியாத இடத்தில் என்னைப் பார்ப்பாள். எதிர்முனையில் சொன்னதை நான் சத்தமில்லாமல் வாயசைத்துக் காட்டுவேன். "நீலக் குடை." "பதினேழாம் நம்பர் பஸ்." அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள். ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்குக் கல்லூரியில் படிக்கிற மகள் இருக்கிறாள், வீட்டில் சம்பாதிப்பது இவள் ஒருத்திதான். "சொல்லிடாதடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவள். சரி என்று சொன்னவள் நான்.

காரணம் கட்டத்தில் எழுதினேன்: "காது மந்தம். போனில் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்கிறார். ஏஐ வேண்டும் என்று இவரே கேட்டிருக்கிறார்."

ஏப்ரல் இரண்டாம் வாரம் மீட்டிங். எல்லாப் பிரிவின் பட்டியலையும் மேலாளர் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். பிரித்துக்கூடப் பார்க்காமல் நேராகக் கொண்டுவந்திருந்தார் போலிருக்கிறது. டிக்கெட் பிரிவு எழுதியிருந்தது: "பழைய புகார்களைத் தேதி வாரியாக அடுக்குவது." பராமரிப்புப் பிரிவு: "டயர் மாற்ற வேண்டிய நாளை நினைவூட்டுவது." மூன்றாவது என்னுடையது. சுவர் முழுக்க அவள் பெயரும் அவள் காதும்.

மேலாளர் ஒருமுறை படித்தார். மறுமுறை படித்தார். பிறகு மெதுவாக, "மேடம், நான் கேட்டது என்னென்ன வேலைன்னு. யார் யாரோட வேலைன்னு இல்லையே" என்றார்.

அவர் குரல் கூட உயரவில்லை. அடித்திருந்தால் தேவலை. டிக்கெட் பிரிவுக்காரர் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, யாரும் சேராததால் இருமலாக மாற்றிக்கொண்டார். ஏணி சுவரைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினாள். பழக்க தோஷம், புரியாத இடத்தில் என் வாயைப் பார்ப்பாளே, அதேபோல என் வாயைப் பார்த்தாள். என் வாய் அசையவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் பிப்ரவரியில் சொன்ன ஏஐ எது என்று மேலாளர் பிறகு என்னிடம் சொன்னார். போனில் பேசுகிறவர் சொல்வதை அப்படியே எழுத்தாகத் திரையில் காட்டுமாம். பொதுமக்கள் சொன்னது பதிவாகவும் இருக்கும், தேடவும் வசதி என்று சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். அதற்காகத்தான் தினம் இரண்டு தடவை அந்த அறைக்குப் போனது. காதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல், யாருடைய வாயையும் பார்க்காமல், தன் வேலையைத் தானே செய்ய ஒரு வழி தேடியிருக்கிறாள். இப்போது கம்பெனி டாக்டரிடம் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரும்வரை லீவு. வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

வெட்கமாக இருக்கிறது, தம்பி. வேலை என்கிற வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். எல்லோரும், பாவம், தலையாட்டுகிறார்கள். ஆனால் நான் புரிந்துகொண்டபடியே அவர் கேட்டிருந்தால்? அப்போதும் நான் கொடுத்திருப்பேன். அப்படித்தானே கொடுத்தேன்.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன், இன்னொன்றில் சமாதானம் சொல்லியிருந்தேன். மூன்றாவதில் இரண்டும் இருந்தது, அது அதைவிட மோசம்.

உள்ளதைச் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் ஏணி நினைவு வரவில்லை. என் இடுப்பு நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வெளியே அது உனக்கு மட்டும்தான் தெரியும். என் மேற்பார்வையாளர் உனக்கு ஒரு தாள் அனுப்பினால் என் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கும் என்று யோசித்தேன். நம் வீட்டில் எதற்கெடுத்தாலும் "அக்காகிட்ட கேளு" என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். நானும் எதையும் உன்னிடம்தான் சொன்னேன். இப்படி யோசித்ததற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் யோசித்தேன்.

நீ எனக்கு எழுதி என்ன பிரயோசனம்? நான் உன்னை ஒன்றும் செய்ய முடியாது, மன்னிக்கவும் முடியாது. அவள் வீடு உனக்குத் தெரியும். போ. போய், வார்த்தை புரியவில்லை என்று ஆரம்பிக்காதே.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள். அவள் வீடு இரண்டாவது மாடி என்று ஞாபகம்.

உன் தம்பி


ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவும் நானும் நலம். உன் இடுப்பைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இதை நம்பு என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை, தகவலாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மணியடித்தேன். இரண்டு தடவை, மூன்று தடவை. உள்ளே ஆள் நடமாட்டம் தெரிகிறது, கதவு திறக்கவில்லை. கோபத்தில் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பி நாலு படி இறங்கிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, மணி கேட்டிருக்காது என்று. இரண்டு வருடமாகத் தெரிந்த எனக்கே அது உறைக்க நாலு படி ஆகிறது. மேலே ஏறி ஜன்னல் பக்கம் கையை ஆட்டினேன்.

கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை, விலகி நின்றாள். நான் உட்காரவில்லை. நீ சொல்லியும் கேட்காமல் நான் ஆரம்பித்தது எப்படித் தெரியுமா? "ஏஐ-ன்னா என்னன்னு எனக்குச் சரியாப் புரியலைடி. அதனால வந்தது. மன்னிச்சிரு" என்றேன். அந்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது, தானாக வந்துவிட்டது.

"எதுக்கு மன்னிப்பு?" என்றாள்.

"பட்டியலுக்கு."

"பட்டியல்ல எதுக்கு? ஏஐ புரியாததுக்கா? அது ஒண்ணும் குத்தமில்ல. சாருக்கே பாதிதான் புரியுது. வேலைன்னா என்னன்னு புரியாததுக்கா? சரி, வார்த்தை அப்படி. ஆனா என் காது உனக்குப் புரியாம இல்லையே. அதைப் புரிஞ்சுதானே எழுதினே?"

நான் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றேன். அவள், "நிமிந்து சொல்லு, எனக்குக் கேக்கலை" என்றாள். நக்கலாகச் சொன்னாளா, நிஜமாகவே கேட்கவில்லையா தெரியவில்லை. நிமிர்ந்து, அவளுக்கு வாய் தெரிகிற மாதிரி, "ஆமா, தெரிஞ்சுதான் எழுதினேன்" என்றேன்.

"ஏன்?"

"நீ என் சீட்டுக்கு வரப் பாக்கறேன்னு நினைச்சேன்."

"உன் சீட்டா? அந்த ஒரு கால் ஆடற நாற்காலியா?" என்று சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அவள் உடனே நிறுத்திவிட்டாள், நான் ஒரு நொடி கழித்து நிறுத்தினேன். அந்த ஒரு நொடி என் சிரிப்பு மட்டும் அந்த அறையில் இருந்தது.

"மீட்டிங்குக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லாதது என் தப்புதான்" என்றாள். "சொன்னா நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். எதுக்குடி அதெல்லாம், நான் பாத்துக்கறேன்னு சொல்லுவே. நீ பாத்துக்கறதுல எனக்கு ரெண்டு வருஷமா எப்படி இருந்துச்சு தெரியுமா? நீ லீவு போட்டா நானும் லீவு போடணும். நீ கோவமா இருந்தா வாயசைக்கமாட்டியோன்னு பயந்துக்கிட்டே உன்கிட்ட பேசணும்."

தம்பி, அவளுக்கு உதவுகிறேன் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் பயந்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுகிறேன், அதுவும் சரியா என்று தெரியவில்லை. கொஞ்சம் தெரிந்திருக்கும். கொஞ்சம் பிடித்தும் இருந்திருக்கும்.

தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் சுகம். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்கள் ஆபீஸில் ஒப்படைத்தால் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்கிறாள்.

நீ போனது நல்லது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. ஒன்றே ஒன்று. என் இடுப்பைப் பற்றி மேற்பார்வையாளரிடம் நானே சொல்லிவிட்டேன். யார் வாயிலாகவாவது போவதைவிட என் வாயால் போகட்டும் என்று தோன்றியது. பாரம் தூக்காத ஷிஃப்ட் தருகிறேன் என்றிருக்கிறார், பார்ப்போம். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. உன் கடிதம் வந்திராவிட்டால் சொல்லியிருக்கமாட்டேன், அதனால் எழுதுகிறேன்.

ஏணி வேலை என்ன ஆயிற்று?

அன்புடன்,
உன் தம்பி


செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு வேறு ஷிஃப்ட் தருவதாகச் சொன்னது கேட்டு நிம்மதி. மாமாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், இருவரும் பேசுவதில்லை. குட்டியின் பல்லை அனுப்பச் சொல், சீட்டு எழுதிக் கட்டி அலமாரியில் வைக்கிறேன்.

ஏணி வேலைக்கு வந்துவிட்டாள். வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டார். அவள் கேட்ட ஏஐ-யும் வந்துவிட்டது. ஆறு மாதம் சோதனை ஓட்டமாம். மேலாளர் புதுப் பட்டியல் கேட்டார். இந்தத் தடவை எழுதுவதற்கு முன் அவர் அறைக்குப் போய், நீ சொன்ன நாலு கேள்வியையும் கேட்டேன். தப்பானால் யார் பதில் சொல்வது என்ற இடத்தில் அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். "நீங்க முதல்லயே இப்படிக் கேட்டிருக்கலாமே மேடம்" என்றார். கேட்டிருக்கலாம்.

பதிவேட்டுப் பெரியவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஆனால் யாராவது புதிதாக ஆபீஸுக்கு வந்து அவர் யார் என்று கேட்டால், "நான் ரெண்டாவது வரி" என்று சொல்லிக் கைகொடுக்கிறார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு எத்தனை வருடம் என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏணி அதே எதிர்மேஜையில்தான் இருக்கிறாள். போன் வந்தால் எதிர்முனையில் பேசுவது திரையில் வரி வரியாக வருகிறது. சில நேரம் தப்பும் வருகிறது. ஒரு தடவை "கண்ணாடி" என்று ஒருவர் சொன்னதை "முன்னாடி" என்று அது எழுத, அவள் அவரிடம் எதற்கு முன்னாடி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் தானே சமாளிக்கிறாள். நல்ல வேகம். என் வாயைப் பார்ப்பதில்லை.

ஆபீஸ் விஷயம் என்றால் என்னிடம் பேசுகிறாள், மரியாதையாக. நான் பேசுவதும் அவளுக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை. முன்பு கையைக் காதோரம் வைத்து "என்னடி?" என்பாள். இப்போது பேச்சை வாங்குகிற மைக்கை என் பக்கம் கொஞ்சம் திருப்பி வைக்கிறாள். நான் சொன்னது எழுத்தாகத் திரையில் வருகிறது, அவள் அதைப் படித்துக்கொள்கிறாள்.

அதனால் நான் எது சொன்னாலும் நிறுத்தி, முழு வாக்கியமாக, தெளிவாகச் சொல்லப் பழகியிருக்கிறேன். நேற்று மதியம் "சாப்பிட வர்றியா, ஒண்ணாப் போகலாம்" என்றேன். ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே வந்தது. படித்தாள். கேட்கவில்லை என்று இனிமேல் அவளும் சொல்ல முடியாது, கேட்டிருக்காது என்று நானும் நினைத்துக்கொள்ள முடியாது. திரையில் அந்த வரி இருந்துகொண்டே இருந்தது. அடுத்த போன் வந்ததும் புது வரிகள் அதை மேலே தள்ளிவிட்டன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா